காலடியில் ஒரு வெல்லக்கட்டி

அம்மாவுக்கு 78 வயது. ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை எழுந்து பாத்ரூம் போவார். விளக்குப் போட மாட்டார். “இருபது வருஷமா நடக்குற வீடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்” என்பார். கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரை பதினோரு எட்டு. 2025 பொங்கல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். அன்றைக்கு ஆறாவது எட்டில் தரைக்குப் பதிலாக ஏதோ மெத்தென்று மிதிபட்டிருக்கிறது. ‘வீல்’ என்று ஒரு சத்தம், அது எங்கள் நாய் வெல்லம். பின்னாலேயே ‘முருகா’ என்று இன்னொரு சத்தம், அது அம்மா. நான் ஓடிப்போய் விளக்கைப் போட்டபோது அம்மா ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி சாய்ந்தபடி நின்றார். வெல்லம் அவருடைய புறங்காலை நக்கிக்கொண்டிருந்தான்.

ஃப்ரிட்ஜ் அந்த இடத்தில் இல்லையென்றால் இடுப்பெலும்பு போயிருக்கும். அந்த வயதில் இடுப்பெலும்பு போனவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள் என்று எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேரைப் பார்த்தாயிற்று. நாய் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் கடிக்குமா, குரைக்குமா, முடி கொட்டுமா என்று கேட்கிறார்கள். தடுக்கி விழுவோமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வெல்லம் ஒரு காக்கர் ஸ்பேனியல். நிறம் அசல் பாகு வெல்லம், அதனால் அந்தப் பெயர். எடை 13 கிலோ. ‘அது’ என்று எழுதுவதுதான் முறை, ஆனால் கை வரவில்லை. ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

இந்த ஜாதி நாய்கள் ஏன் எப்போதும் காலடியிலேயே கிடக்கின்றன என்று படித்துப் பார்த்தேன். ஸ்பேனியல் என்ற பெயருக்குள் ஸ்பெயின் இருக்கிறது. காக்கர் என்பது வுட்காக் என்ற பறவையின் பெயரிலிருந்து வந்தது. புதருக்குள் பதுங்கியிருக்கும் அந்தப் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்பிவிடுவதுதான் இவற்றின் வேலை. பறவை எழும்பும் இடம் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் இருந்தால்தானே பிரயோஜனம்? அதனால் ஆளை விட்டு ரொம்பத் தூரம் போகாத, அடிக்கடி திரும்பி முகத்தைப் பார்க்கிற நாய்களாகத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் புதர்க்காட்டில் அது வேலைக்கு ஆகியிருக்கும். பெரம்பூரில் 850 சதுர அடி ஃப்ளாட்டில் வேட்டைக்காரரும் நான்தான், புதரும் நான்தான். தோசை சுடும்போது மனைவியின் குதிகாலுக்குப் பின்னால் படுத்திருப்பான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாற்காலியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை விரித்துப் போட்டுத் தூங்குவான். ஒருமுறை நாற்காலியைப் பின்னால் தள்ளி அந்தக் காதின் நுனியில் சக்கரத்தை ஏற்றிவிட்டேன். அதிலிருந்து குனிந்து பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. ஆபீசிலும் அதே பழக்கம் வந்து, பக்கத்து சீட்காரர் எதைத் தொலைத்தாய் என்று கேட்கிறார்.

மகள் கேட்டு வாங்கிய நாய் இது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: பிள்ளை கேட்கும், அப்பா வளர்ப்பார். 2020 அக்டோபர், பள்ளிக்கூடமெல்லாம் போனுக்குள் நடந்துகொண்டிருந்த காலம். விற்றவர் ‘ரெண்டு மாசக் குட்டி’ என்று சொல்லித்தான் கொடுத்தார். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, “அஞ்சு வாரம் ஆகியிருந்தா அதிகம்” என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இலேயே மத்திய அரசு விதி போட்டிருப்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், உள்ளங்கையில் அது சுருண்டு படுத்ததற்குப் பிறகு திருப்பிக் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

2024இல் மகள் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனாள். அதுவரை அவள் கட்டிலில் தூங்கியவன், அவள் போன வாரத்திலிருந்து இடத்தை மாற்றிவிட்டான். முதலில் அவள் அறை வாசலில், அப்புறம் ஹாலில், கடைசியில் மூன்று கதவுகளும் ஒரே பார்வையில் தெரிகிற அந்த நடை வழியில். யாரும் தனக்குத் தெரியாமல் இனி ஊருக்குப் போய்விடக் கூடாது என்ற கணக்கு என்று மனைவி சொல்வாள். அது சரியோ தப்போ, அம்மாவின் ஆறாவது எட்டு அங்கேதான் விழுகிறது.

மறுநாள் ஒரு சின்ன இரவு விளக்கு வாங்கி வந்து மாட்டினேன். கண் கூசுகிறது என்று அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். கதவைச் சாத்தி அவனை எங்கள் அறைக்குள் வைத்துப் பார்த்தோம். விடிய விடியக் கதவைப் பிறாண்டினான். மனைவிதான் சொன்னாள், “எங்க ஊர்ல ஆட்டுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி ஒரு மணி கட்டுங்க.” நெல்லிக்காய் அளவில் ஒரு வெண்கல மணி கிடைத்தது. காது முடியில் சிக்காதபடி கழுத்துப் பட்டையின் முன்பக்கம் கட்டினேன். “தூங்குற நாயோட மணி எப்படிப்பா அடிக்கும்?” என்று மகள் போனில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அம்மாவின் கட்டில் கிறீச்சிட்டாலே இவன் தலையைத் தூக்குவான். முன்பும் தூக்கியிருப்பான், சத்தமில்லாமல். இப்போது இருட்டில் ஒரு ‘சிலிங்’ கேட்கும். அம்மா அந்தப் பக்கம் காலை வைக்க மாட்டார்.

அடுத்து, காது. ஸ்பேனியல் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு காதில்தான் ஆரம்பிக்கும், காதில்தான் முடியும். ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து, “மாவு புளிச்சுப் பொங்கிடுச்சு போல, எடுத்து உள்ள வைங்கடா” என்றார். மாவு அரைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மிச்சம் ஃப்ரிட்ஜில் குளிர்ந்துபோய் இருந்தது. வாசனை மட்டும் வீடெல்லாம் இருக்கிறது. தேடிக்கொண்டே போனால் அது வெல்லத்தின் இடது காதில் முடிந்தது. மடலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே காபி டிகாக்‌ஷன் வண்டல் மாதிரி பழுப்பாக, பிசுபிசுவென்று. தோல் சிவந்து சூடாக இருந்தது. இரண்டு நாளாகத் தலையை உதறிக்கொண்டிருந்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பூஞ்சை. ஈஸ்ட் வகை. மாவு புளித்த வாசனை என்று அம்மா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. தொங்கும் காதுக்குள் காற்று போகாது; சென்னையின் ஈரக் காற்றில் அது மூடி போட்ட பாத்திரம். நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராக இருக்காது, கீழே இறங்கி உள்பக்கமாக வளையும், ஆங்கில எழுத்து எல் மாதிரி. அதனால் பட்ஸ் போட்டுக் குடைந்தால் அழுக்கு வெளியே வராது, இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். டாக்டர் திட்டவில்லை, நான் சொன்னதும் பேனாவை ஒருமுறை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சடங்கு. காது கழுவும் மருந்தை நிறைய ஊற்றி, காதின் அடிப்பக்கத்தை விரலால் பிசைய வேண்டும். சொளக், சொளக் என்று சேற்றில் நடக்கிற சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்வான். பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்ள வேண்டும், உதறுவான். சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் முடிந்தது. காதுக்கு அடியில் இருக்கும் முடியை நறுக்கிவிட்டால் காற்று போகும். சாப்பாட்டு நேரத்தில் காது தட்டில் விழாமல் இருக்க மகளின் பழைய சாக்ஸை இரண்டு பக்கமும் வெட்டித் தலையில் மாட்டுகிறோம். கல்யாணத்துக்குச் சமைக்க வந்த மாஸ்டர் மாதிரி இருப்பான். தண்ணீருக்கு அம்மா ஒரு பழைய எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தார். வாய் குறுகல் என்பதால் மூக்கு மட்டும் உள்ளே போகும், காது இரண்டும் வெளியே தொங்கும். கடையில் இதற்கென்றே கிண்ணம் விற்கிறார்கள். தூக்கு போதும்.

காதைப் பஞ்சால் ஒற்றும்போதெல்லாம் எங்கோ படித்த ஒரு விஷயம் ஞாபகம் வரும். விக்டோரியா ராணி 1838 ஜூன் 28 அன்று முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும், தன் ஸ்பேனியல் நாய் டேஷைக் குளிப்பாட்டப் போனாராம். பத்தொன்பது வயதுப் பெண். அந்தக் காதுகளை யார் துவட்டினார்கள் என்று எழுதி வைக்கவில்லை.

சாப்பாடு விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மகளும் நானும் ஒரு கட்சி, அம்மா தனிக் கட்சி. அம்மாவுக்கு நாய் வீட்டுக்குள் வருவதே ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. அடுக்களை வாசலில் ஒரு கோடு கிழித்து, “இதைத் தாண்டினா பாரு” என்று அவனிடம் நேரடியாகச் சொன்னவர். ஆறே மாதத்தில் அந்தக் கோட்டின் மேல் குனிந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா குடுத்தே?”

“ஒண்ணும் இல்லடா, கேசரி. ஒரு வாய்.”

“அதுல திராட்சை இருந்துச்சா?”

“ரெண்டுதான்டா போட்டேன், முந்திரி நெறைய.”

அந்த இரண்டுக்காக அன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, வாந்தி எடுக்க ஊசி போட்டு, மறுநாள் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. எத்தனை தின்றால் கெடுக்கும் என்று கணக்கு கிடையாது, ஒரு நாய்க்கு ஒத்துப்போவது இன்னொன்றைப் படுக்க வைத்துவிடும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். அந்த அமிலம் புளியிலும் ஏராளம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆக, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் எல்லாமே போச்சு. இதை அம்மாவிடம் விளக்கியபோது நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அது என்னதான் திங்கும் பாவம்?” என்றார். இப்போது வெறும் சோறு, வேகவைத்த கோழி, கேரட். தயிர் ஒரு கரண்டி. சுகர் மாத்திரையும் பாரசிட்டமாலும் வைத்திருந்த டப்பாவை மேஜையிலிருந்து பீரோ மேலே ஏற்றினோம். அபார்ட்மென்ட் வாசலில் அழகுக்கு வைத்திருக்கும் சைகஸ் செடிக்கும், பிள்ளையார் கோவிலை ஒட்டிய அரளிக்கும் அவனை நெருங்க விடுவதில்லை. இரண்டுமே விஷம், அரளி இன்னும் மோசம்.

இனிப்புப் பெயர் வைத்ததால் குணமும் இனிப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு ஒரு பலவீனம், சாக்ஸ். வாயில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் அது அவன் சொத்து. ஒருமுறை ஆபீசுக்கு நேரமாகிறது என்று கையை விட்டுப் பிடுங்கினேன். கட்டை விரலில் இரண்டு பல் இறங்கியது. தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவினேன், ஊசிக்கும் போனேன். நாய்க்கடி என்றால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் காதில் வாங்காமல் முதலில் அந்தப் பதினைந்து நிமிஷத்தைக் கழுவுவதற்குக் கொடுங்கள். இப்போது சாக்ஸ் வேண்டுமென்றால் நான் பிடுங்குவதில்லை, ஒரு துண்டு கேரட்டைக் காட்டிப் பண்டமாற்று செய்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நடக்கப் போவது காலை ஐந்தேகாலுக்கு. 2023 மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த அலுப்பில், அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குத்தான் கிளம்பினேன். மார்க்கெட் வரை போய்த் திரும்பும்போது ஒன்பதேகால். கேட்டுக்கு முன்னால் நிழலைப் பார்த்ததும் படுத்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. நாக்கு வழக்கத்தைவிட அகலமாகி, நுனி கரண்டி மாதிரி மேல்நோக்கி மடிந்திருந்தது. நிறம் செங்கல் சிவப்பு. எச்சில் கஞ்சி மாதிரி கெட்டியாக வழிந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் திரும்பியது, பார்வை என்மேல் நிற்கவில்லை.

நான் குழாயைத் திறக்க ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன்தான் தடுத்தார். “டேங்க் தண்ணி கொதிக்கும் சார், இருங்க, சம்ப்ல மொண்டுட்டு வரேன்.” அவர் பக்கெட்டில் கொண்டுவந்த தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று ஊற்றினோம். டீக்கடையிலிருந்து ஒருவர் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். போனில் இருந்த டாக்டர் ஐஸ் வேண்டாம் என்றார். சாதாரணத் தண்ணீர், நிறையக் காற்று, உடனே ஆட்டோ. க்ளினிக்கில் பார்த்தபோது 104.8. நாய்க்கு இயல்பே 101இலிருந்து 102.5 வரை இருக்கும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் அந்த வித்தையும் பாதிதான் பலிக்கும். டெல்லி வெயிலைவிட நம் ஊர்ப் புழுக்கம் இவனுக்கு மோசம் என்று நான் சொன்னால் டெல்லியில் இருக்கும் தம்பி ஒத்துக்கொள்வதில்லை. மாலையில் இறங்குவதற்கு முன்னால் இப்போது புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணுகிறேன். எண்ணி முடிக்க முடியாவிட்டால் மேலே திரும்பிவிடுவோம்.

உண்ணிக் காய்ச்சலை 2021இல் ஒருமுறை பார்த்தாயிற்று. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தால் வயிறு கலங்குகிறது. இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் வெள்ளை டைல்ஸில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். ஈறைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, பழைய காகிதம் மாதிரி வெளிறியிருந்தது. அப்போதுதான் வேப்பேரிக்குப் போனோம், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு. ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆடு, அந்தப் பக்கம் கூண்டில் ஒரு கிளி. ஆட்டுக்காரர் இவன் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கன்னி ஆட்டுக் காது மாதிரியே இருக்கே” என்றார். தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. எர்லிக்கியா, உண்ணி பரப்பும் கிருமி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். பத்தாவது நாளே குதிக்க ஆரம்பித்துவிட்டான், அப்போது நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு உண்ணி மருந்து மாதம் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காது முடிந்ததும் ஈறு, காது மடிப்பு, விரலிடுக்கு. நாயுருவி விதையும் விரலிடுக்கில்தான் போய் ஒட்டும். பேருக்கேற்ற செடி.

லிஃப்ட்டையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்களுடையது இழுத்து மூடும் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். நான் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி, கதவை இழுத்து, பட்டனை அமுக்கப் போனேன். வார் என் கையில் இருந்தது, வெல்லம் வெளியே நின்று எதையோ மோந்துகொண்டிருந்தான். பட்டனுக்கும் விரலுக்கும் நடுவில் அரை அங்குலம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. அன்றிலிருந்து அவன் முன்னால், நான் பின்னால்.

தெருவில் நாலு நாய்கள். கருப்பன் என்பவன் தலைவர். முதல் மாதத்தில் அவை குரைத்துக்கொண்டு வந்தால் நான் வெல்லத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். அது தப்பு, கைக்கு எட்டாத உயரத்தில் போனால் அவை எகிறும், நம்மேல்தான் விழும். இப்போது நின்றுவிடுவேன், ஓட மாட்டேன், மடக்கிய குடையைச் சட்டென்று விரிப்பேன். கருப்பன் குடையைப் பார்த்தால் அவமானப்பட்டவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இரண்டு வருஷமாக அதற்கும் வேலை இல்லை. காலையில் தெருமுனை வரை எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்து, அவனுடைய எல்லை முடிகிற டிரான்ஸ்ஃபார்மர் கிட்டே நின்றுவிடுகிறான்.

வேட்டைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வேலை செய்யப் பிறந்த வம்சம், ஊசிப்பட்டாசுக்குக் கட்டிலுக்கு அடியில் போகும். 2018இலிருந்து தமிழ்நாட்டில் தீபாவளி வெடிக்குக் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று நேரம் உண்டு. எங்கள் தெருக் கடிகாரம் வேறு. 2025 அக்டோபர் 20, சாயங்காலமே ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஃபேனை ஐந்தில் வைத்து, டிவியைச் சத்தமாகப் போட்டிருந்தோம். ஏழு இருபதுக்குப் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து பலகாரத் தட்டோடு வந்தார்கள். கதவைத் திறந்தேன். அதே நொடி கீழே சரவெடி. என் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து போனது மட்டும் தெரியும். மணிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கிப் போனது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கீழே கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள்.

மனைவி ஸ்கூட்டரில் ஒரு பக்கம், நான் நடந்து ஒரு பக்கம். புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தீபாவளி ராத்திரியில் ஒரு ஆள் தெருத்தெருவாக “வெல்லம்! வெல்லம்!” என்று கத்திக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள்? ஒரு பால்கனியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “கிலோ எவ்ளோப்பா?” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்த ஒரே தருணம் அதுதான். ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டியிடம் சொன்னேன். எல்லாருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. என் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ‘அந்த மணி கட்டின நாயா?’ என்றுதான் கேட்டார்கள்.

பதினொன்றரைக்கு ஒரு பையன் மாடியேறி வந்தான். இஸ்திரி போடும் செல்வி அக்காவின் மகன். அக்கா அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தார்ப்பாய் போட்டு மூடிய தன் வண்டிக்கு அடியில் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். நாங்கள் போனபோது பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்திருந்தார். நானே அந்த வண்டியை இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன், கத்திக்கொண்டு. “நீங்க கத்துனதுல உங்களுக்கு எப்படி சார் கேக்கும்?” என்றார். “அவன் நடுங்கறான், மணியும் நடுங்குது. சின்னதா. உடுக்கை மாதிரி இல்ல, கொலுசு மாதிரி.”

அந்த வாரமே சாவி போடுகிறவரிடம் போய் ஒரு எவர்சில்வர் வில்லையில் போன் நம்பரை வெட்டி வாங்கிக் கட்டினேன். மாநகராட்சி அப்போதுதான் சிப்பையும் லைசென்ஸையும் கட்டாயமாக்கி, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்தது. லைசென்ஸுக்குக் கட்டணம் 50 ரூபாய்தான், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சிப் என்பது அரிசி மணி அளவு, தோள்பட்டைக்கு நடுவில் ஊசியில் ஏற்றுவார்கள். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, பலர் அப்படி நினைக்கிறார்கள். யாராவது கண்டெடுத்துக் கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு 15 இலக்க எண் வரும், அதை வைத்து நம்மைப் பிடிக்கலாம், அவ்வளவுதான். கண்டெடுக்க ஒரு செல்வி அக்கா வேண்டும்.

போன மாதம் மணியின் நாக்கு எங்கோ விழுந்துவிட்டது. வீடு பூராவும் கூட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அம்மா நாலு நாளாகத் தூங்கவில்லை. “சத்தமே இல்லாம எங்கடா கெடக்கான், உயிரோட இருக்கானா பாரு” என்று ராத்திரி என்னை எழுப்பினார். சனிக்கிழமை மயிலாப்பூர் போனபோது, குளத்துக்குப் பக்கத்தில் நாட்டியச் சாமான் விற்கும் கடையில் நுழைந்தேன்.

“சலங்கை மணியா? உதிரியாவா? பொண்ணுக்கு என்ன வயசு சார்?”

“பையன். அஞ்சு.”

“அட, பையனா! யாருகிட்ட கத்துக்குறாரு?”

நாய் என்று சொன்னேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சிரத்தையாக ஏழெட்டு மணிகளை ஒவ்வொன்றாக என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டினார். கனமாக ஒலித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது. ‘கிணிங்’ என்று கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. “இது வேற யாரோ மாதிரி இருக்குடா” என்று அம்மா இருட்டில் சொன்னார். சுவரைத் தடவி விளக்கைப் போட்டார். இந்த ஒரு மாதமாகத் தினமும் போட்டுக்கொண்டுதான் போகிறார், யார் என்று பார்ப்பதற்காக.